பிணைக்கு நின்றவன்

விழுந்தவர் எண்டுதான் தம்பி நான் ஆஸ்பத்திரி வாசலில சொன்னனான். அங்க இருந்த டொக்டர் பிள்ளை என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு, "எதில விழுந்தவர்?" எண்டு கேட்டாள். "பழைய மண் அணையில ஏறி நிண்டு படம் எடுத்தவர், சறுக்கிப்போட்டார்" எண்டன். "மண்ணில சறுக்கினால் தாடை ரெண்டு இடத்தில உடையுமோ ஐயா?" எண்டாள். படிச்ச பிள்ளையளுக்கு எதுக்கெடுத்தாலும் கேள்வி. உடன பொலிசுக்கு அறிவிச்சுப்போட்டாள்.

உங்களுக்கு ஏன் ஒளிப்பான்? பக்கத்துக் கட்டிலில காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடக்கிறியள், எங்க எழும்பி ஓடப்போறியள். அடிச்சது நான்தான். இந்தக் கையாலதான். பாருங்கோ, விரல் மொழியெல்லாம் வீங்கிக் கிடக்கு. விறகுக் கட்டையாலயும் அடிச்சனான், அது பிறகு. அந்தா, முகம் முழுக்கத் துணி சுத்திக்கொண்டு கிடக்கிறாரே, அவர் என்ர அத்தான் குலநாயகம். கூடப்பிறந்த அக்கான்ர புருசன். சுவிசில இருந்து வந்து பெட்டியைக்கூட முழுக்கத் திறக்கேல்லை. பக்கத்தில இருந்து குழாயால சூப் குடுக்கிறது என்ர மகள் துளசிகா. எனக்கு ஒரே ஒரு பிள்ளை. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறாள்.

பொலிஸ் இண்டைக்குப் பின்னேரம் வருமாம். சிறை மறியலுக்கு நான் பயப்பிடேல்லை தம்பி. மறியலைவிடக் கேவலமான இடத்தில எல்லாம் இருந்து வந்தனான். ஆனா அந்த மனுசன் விழுந்து கிடந்துகொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டவர். அதைப் பொலிசுக்கு முன்னால, என்ர பிள்ளை கேக்கத்தக்கதா இன்னொருக்கா எடுத்தாரெண்டால் நான் உயிரோட இருந்தும் ஒண்டுதான், செத்தும் ஒண்டுதான். நல்லகாலம், வாயைக் கம்பியால கட்டிப்போட்டினம். தலையைத்தான் ஆட்டலாம். பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. அடிக்கேக்க அவள் அங்கால தேத்தண்ணிக் கடையடியில நிண்டவள். கேட்டிருக்க ஏலாது. நேற்றையில இருந்து என்னோட கதைக்கேல்லைதான். களைப்பு. அவள் எப்பவும் கதை குறைவு.

நீங்கள் ஹற்றன், மலைநாட்டுப் பக்கத்துப் பொடியனெண்டபடியா உங்களுக்குப் பிணைக் கதை தெரிஞ்சிருக்காது. அப்ப வன்னி இயக்கத்தின்ர, புலியளின்ர கையில. இந்த வவுனியா அரசாங்க ஆமியின்ர கையில. ஓமந்தையில எல்லை. அந்தப் பக்கம் ஒரு தடை, இந்தப் பக்கம் ஒரு தடை, நடுவில ஒருத்தருக்கும் சொந்தமில்லாத வெறுங்காடு. சூனியப் பிரதேசம் எண்டு சொல்லுறது. சனம் பையையும் தூக்கிக்கொண்டு அதுக்குள்ளால போய் வரும். வன்னியை விட்டு வெளியில போறதெண்டால் பாஸ் வேணும். பாஸ் சும்மா தரமாட்டாங்கள். போறவர் திரும்பி வருவார் எண்டதுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆள் பிணை நிக்கவேணும். போனவர் வந்து பாஸ் குடுத்த கந்தோரில முகத்தைக் காட்டினால் பிணை விடுபடும். வராட்டி நிண்டவன் மாட்டுப்பட்டான். அவனைப் பிடிச்சுக்கொண்டுபோய் முன்னணியில பங்கர் வெட்ட விடுவாங்கள். அங்க செல் குண்டு விழும், ஒரு கணக்குவழக்கு இல்லை.

அக்கா அப்ப இருதய வருத்தம் எண்டு இதே ஆஸ்பத்திரியில கிடந்தவ. அத்தான் போய்ப் பாக்கவேணும் எண்டார். ஆர் பிணை நிக்கிறது? சொந்தக்காரர் எல்லாரும் ஒவ்வொரு சாட்டுச் சொன்னாங்கள். நான்தான் நிண்டன். ஆம்பிளை மாதிரிக் கந்தோருக்குப் போய், "நான் நிக்கிறன், என்ர பேரை எழுதுங்கோ" எண்டு சொன்னன். என்ர மனுசி பவளம் வீட்டில இருந்து கத்தினவள். "அவர் வராட்டி என்ன செய்வியள்?" எண்டாள். "வராட்டி நான் போவன். உனக்கென்ன?" எண்டன். இதை நீங்கள் மறக்கக்கூடாது தம்பி. நான் சொன்னனான். ஊர் கேக்கச் சொன்னனான்.

போனவர் போனவர்தான். அக்காவைக் கொழும்புக்குக் கொண்டுபோனார், அங்கயிருந்து சுவிசுக்குப் போனார். "மச்சான், ஒரு மாதம் பொறு" எண்டு ஆர் மூலமோ சொல்லிவிட்டார். ஒரு மாதமாம்! இஞ்ச சண்டை திரும்பத் தொடங்கி, இயக்கப் பொடியங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் வந்து நிக்கிறாங்கள். எனக்கு இரவில நித்திரை இல்லை. நாய் குரைச்சால் எழும்பிக் குந்தியிருப்பன்.

ஒருநாள் காலம்பற வந்தாங்கள். ஒரு பொடியன், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். "பிணை நிண்ட தம்பிராசா வரட்டும்" எண்டு படலையில நிண்டு கேட்டாங்கள்.

எனக்கு அண்டைக்குக் காய்ச்சல்.

சிரிக்காதேங்கோ. உண்மையான காய்ச்சல், தொட்டிருந்தால் சுட்டிருக்கும். உள்ளுக்க வெக்கை எண்டு நான் பின்வளவில வைக்கல்போருக்கு அங்காலப் பக்கம் படுத்திருந்தனான். காய்ச்சல்காரன் காத்துப்படத்தானே படுக்கவேணும்? அங்கயிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. பவளம் சொன்னாள், "அவருக்கு ஏலாது, காய்ச்சல்." அந்தப் பொடியன் சொன்னான், "அக்கா, வீட்டுக்கு ஒரு ஆள் வரவேணும். இல்லாட்டி எங்களுக்குப் பேச்சு விழும்." பிறகு அவள், "அப்ப நான் வாறன்" எண்டாள்.

நான் சொல்லேல்லை தம்பி. நான் அவளைப் போ எண்டு ஒரு சொல் சொல்லேல்லை. அவள் தானாச் சொன்னவள். எனக்கு எழும்பவேணும் எண்டுதான் இருந்தது. எழும்பினால் காய்ச்சல் எண்டு அவள் சொன்னது பொய்யாப் போயிடும், பொய் சொன்னதுக்கு அவளையும் சேர்த்து அடிச்சிருப்பாங்கள். அவளுக்காகத்தான் நான் படுத்துக் கிடந்தனான். இதை ஆருக்குச் சொல்லி விளங்கப்படுத்திறது?

வெயிலுக்கெண்டு, கொடியில கிடந்த என்ர கைநீளச் சேட்டொண்டை எடுத்துச் சட்டைக்கு மேல போட்டாள். என்ர மண்வெட்டியைத்தான் கொண்டுபோனாள். துளசிகா அப்ப சின்னப் பிள்ளை, தாயின்ர பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு படலைமட்டும் ஓடினவள். அவளுக்கு அதொண்டும் ஞாபகம் இராது. பவளம் போகேக்க வைக்கல்போர்ப் பக்கம் திரும்பிப் பாத்து, "சோறு மூடி வைச்சிருக்கு, பிள்ளைக்கு முதல் குடுங்கோ" எண்டு சொன்னவள். பாத்தியளோ, என்னில கோவமெண்டால் அப்படிச் சொல்லியிருப்பாளோ?

அடுத்த கிழமை செல் விழுந்தது. அவளும் மற்றவையும் வெட்டிக்கொண்டு நிண்ட குழிக்குள்ளயே விழுந்தது. அஞ்சாறு சனம். உழவு மிசின்ர இழுவைப் பெட்டியில தறப்பாளால மூடிக்கொண்டு வந்தாங்கள். ஒழுங்கை நீளத்துக்கு ரத்தம் ஒழுகி மணலில திட்டுத் திட்டாக் கிடந்தது, காகம் பின்னால வந்தது. நான் வீட்டுக்குள்ள நிக்கிறன், வெளியில சனம் குழறுது. "ஐயோ தம்பிராசா போயிட்டானே, தம்பிராசா போயிட்டானே" எண்டு. என்ர பேர். தறப்பாளுக்கு வெளியில என்ர சேட்டுக் கைதான் தெரிஞ்சதாம். முகமெண்டு சொல்ல ஒண்டும் இருக்கேல்லை. ஒரு பக்கத்துக் காலும் இல்லை. என்ர மாமி நெஞ்சில அடிச்சுக்கொண்டு ஓடி வந்தவ, என்னை வாசலில கண்டா. என்னைப் பாத்தா, பெட்டியைப் பாத்தா, திரும்ப என்னைப் பாத்தா. அதுக்குப் பிறகு அந்த மனுசி சாகுமட்டும் என்னோட கதைக்கேல்லை. மகளைப் பறிகுடுத்த துக்கம். துக்கத்தில சிலபேர் அப்பிடித்தான்.

அவளின்ர உயிரை எடுத்தது ஆர்? செல் அடிச்சவன் ஒருத்தன். அவனை எனக்குத் தெரியாது. கூட்டிக்கொண்டு போனவங்கள் கொஞ்சப்பேர். அவங்களும் பிறகு செத்துப்போனாங்கள். மிஞ்சினது ஒரே ஆள். திரும்பி வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராதவன். அவன் வந்திருந்தால் என்ர பவளம் இருப்பாள். இதில ஆராவது பிழை சொல்ல ஏலுமோ? பிறகு சுவிசில இருந்து பிள்ளையின்ர படிப்புக்கெல்லாம் அனுப்பினவன்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. அனுப்பினால்? போன உயிர் வருமோ?

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் தம்பி இவ்வளவு காலமும். அவன்ர காசும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். அவன் போன அந்த இடத்துக்கு வரவேணும். அந்தச் சூனியப் பிரதேசத்துக்குள்ளால நடந்து வன்னிப் பக்கம் வந்து, என்ர முகத்துக்கு நேர நிண்டு, "தம்பிராசா, நான் வந்திட்டன்" எண்டு சொல்லவேணும். அப்ப என்ர பிணை விடுபடும். விசர்க்கதை எண்டு நினைக்கிறியள். இயக்கமும் இல்லை, கந்தோரும் இல்லை, ஆர் விடுவிக்கிறது எண்டு கேப்பியள். எனக்கு அது விடுபடேல்லை. ஒவ்வொரு விடியக்காலமும் படலையில ஆரோ என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறமாதிரியே இருக்கு.

நேற்று வாடகைக்கு வான் பிடிச்சு, "மச்சான், அந்தப் பழைய எல்லையைப் பாக்கவேணும், வாங்கோ எல்லாரும் போவம்" எண்டு அவரே கேட்டார். நானா கூட்டிக்கொண்டு போனனான்? அவர்தான் கேட்டவர். எழுதி வைச்சமாதிரி.

அங்க இப்ப என்ன கிடக்கு? பத்தை மூடின சண்டைக்காலத்து மண் அணை, உடைஞ்ச சீமெந்துத் தளம், ரெண்டு துருப்பிடிச்ச பீப்பா. ஒரு தேத்தண்ணிக் கடை. தெற்கில இருந்து பஸ்ஸில யாத்திரை வந்த சிங்களச் சனம் இறங்கி நிண்டு வடை சாப்பிட்டுக்கொண்டு படம் பிடிக்குது. வெள்ளைச் சீலை உடுத்த கிழவியள் நிழலில குந்தியிருக்கினம். அத்தானும் போனைத் தூக்கிக்கொண்டு அணைக்கு மேல ஏறி நிண்டார். "இதில ஆமிக்காரன் என்ர சாமானெல்லாத்தையும் கொட்டிப் பாத்தவன், தெரியுமோ?" எண்டு பிள்ளைக்குச் சொல்லிச் சிரிச்சார்.

நான் மரியாதையாத்தான் கேட்டன். "அத்தான், ஒருக்கா அந்தப் பக்கம் போயிட்டு, அங்கயிருந்து நடந்து வாங்கோ" எண்டன். "ஏன்ரா?" எண்டார். "எனக்காக. வந்து, நான் வந்திட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ." முகத்தில சிரிப்பு மாறேல்லை. "சரி மச்சான், உன்ர ஆசையை ஏன் கெடுப்பான்" எண்டு போனார். போய் அங்கயிருந்து நடந்து வாறார். நான் இந்தப் பக்கம் நிக்கிறன். கிட்ட வரவரத்தான் தெரியுது, போனை முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு வாறார். சுவிசுக்கு எடுத்திருக்கிறார், அக்காவுக்கு. "இஞ்ச பாரப்பா, உன்ர தம்பி என்னைப் பழைய எல்லைக்குள்ளால நடக்கவிட்டுப் படம் எடுக்கிறான், நான் வந்திட்டன், நான் வந்திட்டன்" எண்டு பாட்டுப் பாடுறமாதிரிச் சொல்லிக்கொண்டு வாறார். போனுக்குள்ள அக்கா சிரிக்கிறா. "கவனமப்பா, முள்ளுக் குத்தப்போகுது" எண்டுறா.

முதல் அடி போனுக்குத்தான். அது பறந்துபோய்ச் சீமெந்தில விழுந்தது. ரெண்டாவது மூக்கில. ஒரு சத்தம் வந்தது தம்பி, முருங்கைக்காய் முறிச்சமாதிரி. ரத்தம் என்ர கண்ணுக்குள்ள தெறிச்சது. "டேய், டேய்" எண்டு கத்திக்கொண்டு பின்னால போனவர் பீப்பாவில தட்டுப்பட்டு விழுந்தார். நான் மேல ஏறி இருந்து குத்தினன். நெஞ்சில, முகத்தில, எங்க பட்டதெண்டு பாக்கேல்லை. "நடக்கச் சொன்னால் பகிடியோ? என்ர பவளம் பகிடியோ உனக்கு?" எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சன். பல்லு ஒண்டு என்ர கையில குத்தி நிண்டது. சனம் ஓடி வந்தது. ஒருத்தனும் கிட்ட வரேல்லை. கிட்ட வந்திருந்தால் அவனுக்கும் விழுந்திருக்கும்.

களைச்சுப்போய் எழும்பி நிண்டனான். அதோட விட்டிருப்பன். சத்தியமா விட்டிருப்பன். அந்த மனுசன் வாய்க்குள்ள ரத்தத்தைத் துப்பிப்போட்டு, என்னை அண்ணாந்து பாத்துக் கேட்டார்:

"நான் ஓடினவன்தான்டா. ஆனா பிணை நிண்டது நீ. போனது ஏன்ரா அவள்?"

கடைக்காரன்ர அடுப்படியில விறகு அடுக்கிக் கிடந்தது. வீரை மரக் கட்டை, நல்ல பாரம். தாடை உடைஞ்சது அதிலதான். ரெண்டு தரம் அடிச்சன். மூண்டாந்தரம் ஓங்கேக்க பின்னால இருந்து என்ர கையைப் பிடிச்சுத் தொங்கினது துளசிகாதான். "அப்பா, காணும், விடுங்கோ" எண்டு கத்தினவள். நான் அவளையும் உதறிவிட்டனாம், வான்காரப் பொடியன் சொல்லுறான். அந்தா பாருங்கோ, அவளின்ர முழங்கையில தோல் போயிருக்கு. வெள்ளைச் சீலைக் கிழவி ஒருத்தி போத்தில் தண்ணியை அத்தான்ர முகத்தில ஊத்தித் தன்ர முந்தானையால துடைச்சுக்கொண்டு, சிங்களத்தில என்னைப் பாத்து என்னவோ சொல்லி அழுதாள். எனக்குச் சிங்களம் தெரியாது. தெரியாததும் நல்லதுக்குத்தான்.

இப்ப சொல்லுங்கோ தம்பி, நியாயமா சொல்லுங்கோ. செத்தவளின்ர புருசனிட்டக் கேக்கிற கேள்வியோ அது? ஏன் போனவள் எண்டால், காய்ச்சல். சொன்னன்தானே. உங்களுக்கு விளங்குதுதானே? ஏன் அங்கால திரும்பிக்கொள்ளுறியள், கால் நோகுதோ?

பொறுங்கோ. வந்திட்டான். வாசலில தொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு நேர்சோட கதைக்கிறான் பாருங்கோ, தமிழ்ப் பொலிஸ்தான். அத்தான்ர கட்டிலடிக்குப் போறான். மெல்லக் கதைப்பம்.

"ஐயா, விழுந்தனீங்களோ?" எண்டு கேக்கிறான். கேட்டியளோ? அத்தான் முழிச்சுப் பாக்கிறார். என்னைப் பாக்கிறார். கடவுளே. தலையை ஆட்டுறார்! ஓமெண்டு ஆட்டுறார் தம்பி. விழுந்தவராம்! என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. பாத்தியளோ, தன்ர பிழை தனக்குத் தெரிஞ்சபடியாத்தான் ஆட்டுறார். முடிஞ்சுது அலுவல். நான் அப்பவே சொன்னனான்.

ஏன் அவன் போறானில்லை? பிள்ளையிட்ட என்ன கேக்கிறான்? அவளுக்கு ஒண்டும் தெரியாது, அவள் கடையடியில... பொறுங்கோ, பொறுங்கோ. சூப்புக் கோப்பையை மேசையில வைச்சிட்டு எழும்பி நிக்கிறாள்.

"அவர் விழேல்லை சேர். அப்பாதான் அடிச்சவர். நான் பக்கத்தில நிண்டனான்."

துளசி! இஞ்ச பார், பிள்ளை...

பொலிஸ் கேக்கிறான் ஏன் அடிச்சவர் எண்டு. "அதை அப்பாவே சொல்லட்டும் சேர். சின்னனில இருந்து நான் ஒருநாளும் கேக்கேல்லை. மாமா கேட்ட கேள்வியையும் மாமாவுக்குக் குடுத்த அடியையும் அவர் தன்ர வாயால சொல்லட்டும்." ஆசிரியைதானே, வகுப்பில நிண்டு கதைக்கிறமாதிரிச் சொல்லுறாள். நேற்றையில இருந்து இப்பதான் என்ர முகத்தைப் பாக்கிறாள். தாயின்ர கண், தம்பி. அதே கண்.

பொலிஸ் என்னைக் கைகாட்டிக் கூப்பிடுறான். "தம்பிராசா ஆர்? எழும்பி இஞ்சால வாரும்" எண்டுறான்.

ஓம் சேர். வாறன் சேர். ஒரு நிமிசம்.

தம்பி. எல்லாத்தையும் உங்களுக்கு முதலில இருந்து வடிவாச் சொன்னன்தானே. நீங்கள் வெளியாள், உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை, நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். நான் வாயைத் திறந்தால் பிழையா வந்திடும். எழும்புங்கோ. கால் நோகும்தான், பரவாயில்லை, காலில போட்ட கட்டை நான் அவிழ்த்து விடுறன், தோளில தாங்கிறன். அந்தக் கட்டிலடி வரைக்கும்தானே. எனக்காக ஒருக்காப் போயிட்டு வாங்கோ, தம்பி.